உங்க 'ரேடியோ குரல்' எங்களுக்கு வேணாம்

நாங்கள் முதன்முதலாகப் பதிவு செய்த கதையை நாலு பேருக்கு அனுப்பினோம். இருபத்திரண்டு நிமிடம். லயத்துக் காம்பராவுக்குள்ளே, தலைக்கு மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ராத்திரி பதினொரு மணிக்குப் பிறகு போனில் வாசித்தது. மூன்று பேர் "கேட்டோம், நல்லா இருக்கு" என்றார்கள். நாலாவது ஆள் நன்றாகப் படித்தவர், மேடையில் பேசுகிறவர், எங்கள் மேல் உண்மையிலேயே அக்கறை உள்ளவர். அவர் இப்படி எழுதினார்: "நல்ல முயற்சி. ஆனா 'ழ' சரியா வரல்ல. தோட்டத்து வாடை அடிக்குது. உச்சரிப்பைத் திருத்திக்கிட்டு, ஒரு ஸ்டூடியோவில எடுத்துப் போடுங்க. அவசரப்படாதீங்க."

அன்றைக்கு "சரிங்க அண்ணே" என்று மட்டும் பதில் போட்டோம். மிச்சப் பதில் இது.

நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். மலையகத்தில் எழுதப்பட்டவை மலையகத்துக் குரலில் வாசிக்கப்பட வேண்டும். வீட்டிலிருந்தே, கையில் இருக்கிற போனை வைத்துக்கொண்டு, இப்போதே. "குரலைத் திருத்திக்கிட்டு அப்புறம் வா" என்று சொல்கிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, "வராதே" என்றுதான் சொல்கிறார்கள்.

எந்த வாடை?

இந்த 'வாடை' எங்களுக்குப் பழக்கமான சொல். டவுன் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசித்தபோது பின்வரிசையில் சிரித்தார்கள். பஸ்ஸில் சத்தமாகப் பேசினால் திரும்பிப் பார்த்தார்கள். கொழும்பில் கடை வேலைக்குப் போன எங்கள் அண்ணன்மார் போன முதல் மாதமே பேச்சை மாற்றக் கற்றுக்கொண்டார்கள். ஊர் எது என்று கேட்டால் தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டு "ஹட்டன் டவுன்" என்று சொல்லவும் கற்றுக்கொண்டார்கள். அப்படி இருந்தால் புத்தகம் வாசிக்க உட்காரும்போது தொண்டை தானாக வேறு குரலைத் தேடும். எங்களுக்கும் தேடியது. முதல் வாரத்தில் எடுத்ததை எல்லாம் இப்போது கேட்டால் சிரிப்பு வருகிறது. அத்தனையும் கல்யாண மண்டப அறிவிப்பு மாதிரி இருக்கிறது.

இப்போது எங்கள் புத்தகங்களைத் திறந்து பாருங்கள். என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து', தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை', சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்'. இவர்கள் தமிழ் எழுத்துக்குக் கொண்டுவந்து சேர்த்ததே அந்த வாடையைத்தான். பிரட்டு, கவ்வாத்து, கொந்தரப்பு, காம்பரா, இஸ்தோப்பு, பீலிக்கரை, பிள்ளைக்காம்பரா, இஸ்டோர். அகராதியில் தேடினால் பாதி கிடைக்காது. 'பேர்' என்று ஒரு சொல். எங்கள் ஊரில் அது ஒரு நாள் சம்பளத்துக்கான கணக்கு. "அரைப்பேர்தான் போட்டாங்க" என்று ஒரு பாத்திரம் சொன்னால் குரல் எந்த இடத்தில் இறங்க வேண்டும்? கொழுந்து நிறுக்கும்போது தராசையே பார்த்துக்கொண்டு நின்ற அம்மாவின் பிள்ளைக்கு அது தெரியும். செய்தி வாசிக்கிற குரலுக்குத் தெரியாது. அது எல்லா வரியையும் ஒரே மாதிரி இஸ்திரி போட்டு மடித்து வைத்துவிடும்.

சரி, 'ழ'வுக்கு வருவோம். எங்கள் வீடுகளில் 'பழம்' 'பளம்'தான், 'கொழுந்து' 'கொளுந்து'தான். ஒத்துக்கொள்கிறோம். யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் ழகரம் ளகரமாகி எத்தனையோ காலமாச்சு. மதுரைப் பக்கம் போனாலும் 'வாளப்பளம்'தான். அங்கே அதற்குப் பெயர் வட்டார வழக்கு, மண்வாசனை. எங்கள் வாயில் வந்தால் மட்டும் வாடை. ஒரே எழுத்து, ஒரே மாற்றம், ரெண்டு பெயர். இந்த வித்தியாசம் நாக்கில் இல்லை, யார் பேசுகிறார் என்பதில் இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். தப்பா?

அதுக்காக வாய்க்கு வந்தபடி வாசிக்கலாம் என்று சொல்லவில்லை. எங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. கதை சொல்கிறவர் எழுத்துத் தமிழில் எழுதிய வரியை எழுத்தில் உள்ளபடி, ழகரத்தையும் விடாமல், நிதானமாக வாசிக்கிறோம். பாத்திரம் பேசுகிற வரியை அந்தப் பாத்திரத்தின் வாயில் வருகிறபடி வாசிக்கிறோம். ஆசிரியர் 'வந்துச்சு' என்று எழுதியிருந்தால் 'வந்தது' என்று மாற்ற எங்களுக்கு உரிமை இல்லை. அப்படி மாற்றுவதைச் சுத்தம் என்று சொல்லாதீர்கள். அது அடுத்தவர் புத்தகத்தில் கை வைப்பது.

உலகத்தில் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் பார்த்தோம். லிப்ரிவாக்ஸ் என்று ஒரு திட்டம். கனடாவின் மொன்றியலில் ஹியூ மக்வயர் என்பவர் 2005இல் தொடங்கினார். உலகம் முழுக்கத் தொண்டர்கள் வீட்டிலிருந்தே காப்புரிமை முடிந்த புத்தகங்களை வாசித்துக் கொடுக்கிறார்கள். சேர வேண்டுமென்றால் ஒரு நிமிடம் பதிவு செய்து அனுப்பச் சொல்வார்கள். அதில் பார்ப்பது இரைச்சல் இருக்கிறதா, சத்தம் போதுமா என்பதைத்தான். குரல் அழகா, உச்சரிப்பு எந்த ஊர் என்று பார்த்துத் தேர்வு வைப்பதில்லை. எந்த நாட்டு உச்சரிப்பாக இருந்தாலும் எடுத்துக்கொள்கிறார்கள். வாசித்ததைச் சரிபார்க்கிறவரும் வரி விட்டுப்போச்சா, ரெண்டு தடவை வந்திருக்கா, இடையில் சத்தம் விழுந்திருக்கா என்பதைத்தான் சொல்வார், வாசிக்கிற பாணியைக் குறை சொல்லமாட்டார். ஆங்கிலத்துக்கே இவ்வளவு தாராளம் இருக்கும்போது எங்கள் தமிழுக்கு எதுக்குங்க இத்தனை காவல்?

யார் கேட்பாங்க?

அடுத்த கேள்வி இது. பதில் எங்கள் லயத்திலேயே இருக்கிறது.

எங்களில் ஒருத்தியின் அம்மாயிக்கு எழுத்துத் தெரியாது. தோட்டப் பள்ளிக்கூடம் என்றால் ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார் என்றிருந்த காலம். அதற்கும் முழுசாகப் போகாமல் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டவர். பிறகு நாற்பது வருசம் கொழுந்து. இத்தனை கதைகளும் அவரைப் போன்றவர்களைப் பற்றித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு வரிகூட அவர் காதுக்குப் போனதில்லை.

ஒருநாள் சாயங்காலம் வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரம், நாங்கள் எடுத்ததைப் போட்டுக் காட்டினோம். கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டார். விடியற்காலையில் கங்காணி ஆட்களைக் கூப்பிடுகிற இடம் வந்தது. கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

"யாரு வாசிச்சது?"

"நான்தான் அம்மாயி."

"கங்காணி இப்புடியா கூப்புடுவான்? மேட்டுல நின்னு கூப்புட்டா கீழ் லயத்துக்கு வெளங்கணும்ல. நீ என்னா, காதுக்குள்ள ரகசியம் சொல்றாப்புல சொல்ற?"

சொல்லிவிட்டு அவரே கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்துக் காம்பராவிலிருந்து ரெண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பகுதியை மறுபடி எடுத்தோம். எந்த ஸ்டூடியோவுக்குப் போயிருந்தாலும் இந்தத் திருத்தம் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கட்டுநாயக்காவில் கார்மென்டில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு விடுதிக்கு வந்து படுக்கிற தங்கச்சி புத்தகத்தைக் கையில் எடுக்கமாட்டாள், ஹெட்போனை எடுப்பாள். கொழும்பில் கடை மூடி மேலே ஏறிப் படுக்கிற தம்பியும் அப்படித்தான். பிறகு, பார்வை இல்லாதவர்கள். இதில் ஒரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் மலையக நூல்களும் பத்திரிகைகளும் நிறைய இருக்கின்றன. அந்த வேலைக்கு நாங்கள் தலை வணங்குகிறோம். ஆனால் பழைய நூல்களில் பெரும்பாலானவை ஸ்கேன் செய்த பக்கங்கள். அதாவது படங்கள். பார்வை இல்லாதவரின் போனில் எழுத்தை வாசித்துச் சொல்லும் செயலிக்குப் படத்தில் இருப்பது எழுத்து என்றே தெரியாது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தொண்டர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்த நூல்கள் இருக்கின்றன. அதை எந்தச் செயலியும் வாசிக்கும். மலையக எழுத்தில் அப்படித் தட்டச்சானது கொஞ்சம்தான். அதுவரைக்கும் மனிதக் குரல் ஒன்றுதான் வழி.

வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுகளை ஜனங்களின் வாயிலிருந்து எடுத்தார். அச்சில் வைத்துக் காப்பாற்றினார். இல்லையென்றால் பாதி அழிந்திருக்கும். ஆனால் வாயிலிருந்து எடுத்தது திரும்ப அந்த வாய்களுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தக் கடன் யாருடையது? எங்களுடையதுதான், படித்த பிள்ளைகளுடையது.

இது புது வேலை இல்லை

"ஆடியோ புக்னா என்னவோ வெளிநாட்டு நாகரிகம்" என்று எங்கள் ஆட்களே சிலர் சொல்கிறார்கள். கோ. நடேசய்யர் 1920களில் 'தேசபக்தன்' நடத்தியவர். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர். பத்திரிகைக்காரர்தான், ஆனால் யாருக்காக எழுதினாரோ அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். அவர் மனைவி மீனாட்சியம்மை பாட்டுக் கட்டினார், மலிவாக அச்சடித்தார், கூட்டங்களில் தானே பாடினார். அச்சும் குரலும் சேர்ந்தே போயின. வாசிக்கத் தெரிந்த ஒருத்தர் கையில் தாள் இருந்தால் போதும், சுற்றி நிற்கிறவர்களுக்குக் காதால் போய்ச் சேரும்.

மீனாட்சியம்மைக்கு ஸ்டூடியோ இல்லை. மைக்கும் இல்லாத கூட்டங்கள் அவை. அவர் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு வரட்டும் என்று காத்திருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவருக்குப் பிறகு வானொலி வந்தது. இராமையா வானொலிக்கு நாடகம் எழுதியவர். ஆக, எங்கள் எழுத்தும் காதும் தொடக்கத்திலிருந்தே பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில்தான் குடியிருந்தன. இடையில் ஒரு சுவர் விழுந்தது. அதை எடுக்கச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

பத்துக்குப் பன்னிரண்டில் எப்படி?

"நல்ல மைக் வாங்கினதுக்கு அப்புறம் தொடங்குவோம்" என்று சொல்கிற நண்பர்கள் எங்களுக்கும் இருக்கிறார்கள். மூன்று வருசமாகச் சொல்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறோம், பிறகு சாக்கு சொல்ல வழி இருக்கக்கூடாது.

பழைய லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டு அடி. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் டிவி. மேலே தகரம். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே மாதம் மழை பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவதே கேட்காது, பதிவு எங்கே? அதனால் மழை நிற்கிற நேரத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். எல்லாரும் மலைக்குப் போன பிறகு காலை பத்து மணியிலிருந்து பகல் வரைக்கும், இல்லையென்றால் ராத்திரி பதினொன்றுக்குப் பிறகு. வாசிக்க வேண்டிய அத்தியாயத்தை முதல் நாளே ஒரு தடவை முழுசாகப் படித்து, மூச்சு விடுகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்துவிடுங்கள். மழை நின்றதும் உட்கார்ந்தால் போதும்.

வெறும் சுவரில் சத்தம் மோதித் திரும்பினால் குகைக்குள் பேசுகிற மாதிரி இருக்கும். அதற்குத்தான் கம்பளி. தலைக்கு மேல் போர்த்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் துணி தொங்குகிற கொடிக்கு எதிரே உட்காருங்கள். நுவரெலியாக் குளிரில் கம்பளிக்குள் உட்காருவது கஷ்டமும் இல்லை. போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில். நேரே வைத்தால் ஒவ்வொரு 'ப'வுக்கும் காற்று போய் மைக்கில் மோதும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள். தொடங்குமுன் அரை நிமிடம் பேசாமல் இருந்து அந்த அறையின் அமைதியைப் பதிவு செய்யுங்கள். பிறகு இரைச்சலைக் குறைக்க அது உதவும். தப்பு விட்டால் நிறுத்தாதீர்கள். ஒரு தடவை கை தட்டிவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசியுங்கள். கை தட்டிய இடம் திரையில் கூர்மையாகத் தெரியும், வெட்டுவது லேசு. வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். ஊரில் யாரிடமாவது ஒரு பழைய லேப்டாப் இருக்கும்.

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வாசிக்காதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக எடுங்கள். எங்கள் அனுபவத்தில் ஒரு மணி நேர ஒலிக்கு எல்லா வேலையும் சேர்த்து நாலு மணி நேரமாவது போகிறது. அடுத்தது நாங்கள் விட்டுக்கொடுக்காத ஒரே விதி: வாசித்தவர் தவிர இன்னொருவர், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முழுசாகக் கேட்க வேண்டும். விட்டுப்போன வரியை வாசித்தவரின் காது ஒருநாளும் கண்டுபிடிக்காது.

டேட்டா காசு பற்றியும் சொல்ல வேண்டும். லிப்ரிவாக்ஸ் கேட்கிற தரம் 128 கிலோபிட் எம்பி3. அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 60 எம்பிக்குக் கிட்ட. அதை ஒரு பிரதியாகப் பத்திரமாக வையுங்கள். ஆட்களுக்கு அனுப்ப 32 கிலோபிட், ஒற்றைத் தடம் போதும். ஒரு மணி நேரம் 15 எம்பிக்குள் அடங்கும், பேச்சு தெளிவாகவே இருக்கும். சிக்னலுக்கு மேட்டில் ஏறி நிற்கிற தோட்டங்களில் மெமரி கார்டுதான் தபால்காரன். வயசானவர்களின் சின்ன ரேடியோவில் கார்டு போடுகிற ஓட்டை இருக்கிறது. பக்திப் பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கதையும் இருக்கட்டும்.

எங்கள் குழுவில் இருக்கிற பெண்களுக்கு இன்னொரு தடையும் வந்தது. "பொம்பளப் புள்ள கொரல எதுக்கு ஊருக்குக் குடுக்குற?" பதில்: பெயரைப் போடாமல் வாசிக்கலாம், புனைபெயரில் வாசிக்கலாம், யாருக்கு அனுப்புவது என்பதையும் வாசித்தவரே முடிவு செய்யலாம். வாசிக்கக்கூடாது என்பது மட்டும் பேச்சுவார்த்தைக்கு இல்லை.

கேட்காமல் எடுக்காதே

இப்போது எங்கள் பக்கத்து ஆட்களோடு ஒரு சண்டை. யூடியூபில் யாருடைய கதையையும் எடுத்து வாசித்துப் போட்டுவிட்டு "இலக்கிய சேவை" என்று எழுதுகிறவர்களே, அந்த எழுத்தாளரிடம், அவர் குடும்பத்திடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? மலையக எழுத்தாளர்கள் பலர் கைக்காசைப் போட்டுப் புத்தகம் அடித்தவர்கள். விற்காத பிரதிகளைக் கட்டிலுக்குக் கீழே அடுக்கி வைத்தவர்கள். அவர்களிடம் கேட்காமல் எடுப்பது நல்ல மனசு இருந்தாலும் களவுதான்.

சட்டம் இப்படி. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 வருசம் வரை காப்புரிமை. வேலுப்பிள்ளை 1984இல் இறந்தார், 2054 முடியும் வரை. இராமையா 1990, ஆக 2060 வரை. தெளிவத்தை ஜோசப் 2022, அது 2092. அதுவரை காத்திருந்தால் எங்கள் பேரப்பிள்ளைகள்தான் வாசிக்க வேண்டும். வழி ஒன்று இருக்கிறது: ஒரு பக்கக் கடிதம். எந்த நூல், யார் வாசிக்கிறார்கள், எங்கே போடுவோம், காசு வாங்கமாட்டோம், நிறுத்தச் சொன்னால் நிறுத்துவோம். கீழே ரெண்டு கையெழுத்து. எழுத்தாளர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் எங்கள் வேண்டுகோள் இதுதான். அந்தக் கடிதம் வந்தால் தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள்.

கேட்கத் தேவையில்லாதவையும் இருக்கின்றன. நடேசய்யர் இறந்தது 1947. அவர் எழுத்து இங்கே எல்லாருக்கும் பொது. புதுமைப்பித்தன் இறந்தது 1948. அவரும் அப்படியே. 'துன்பக்கேணி' படித்திருக்கிறீர்களா? திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த மருதியின் கதை. எங்களைப் பற்றி வெளியிலிருந்து ஒருவர் எழுதியது. அதைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி வாசித்துக் கேட்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. எங்கள் அடுத்த வேலையும் அதுதான். ஒன்று மட்டும் கவனம்: லிப்ரிவாக்ஸ் பார்ப்பது அமெரிக்கச் சட்டத்தை. இங்கே பொதுவானது எல்லாம் அங்கே பொதுவாகிவிடாது. 1930களில் அச்சேறியவற்றுக்கு அங்கே சிக்கல் வரும். பாரதியிலிருந்து தொடங்கினால் பயமில்லை.

பார்வை இல்லாதவர்களுக்காகவென்று 2013இல் மராகேஷ் ஒப்பந்தம் வந்தது. இலங்கையும் 2016இல் சேர்ந்தது. அதன்படி அனுமதி கேட்காமலே அவர்கள் பயன்படுத்தும் வடிவில் நூலை மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் அது அதற்கென்று இருக்கிற அமைப்புகளுக்கான வழி. தனி ஆள் அதைக் காட்டி யூடியூபில் போட முடியாது. நாங்கள் செய்யக்கூடியது அப்படிப்பட்ட அமைப்புகளுக்குக் குரல் கொடுப்பது.

மெஷின் வாசிக்கும்தானே?

வாசிக்கும். நாளைக்குப் பரீட்சை, இன்றைக்கு ராத்திரிக்குள் பாடப்புத்தகத்தைக் கேட்டாக வேண்டும் என்று நிற்கிற பார்வையற்ற மாணவருக்கு மெஷின் பெரிய உதவி. அதைக் கேலி செய்கிறவர்கள் அவர் இடத்தில் இருந்து பார்த்ததில்லை. ஆனால் மெஷினுக்கு முதலில் தட்டச்சு செய்த எழுத்து வேண்டும், அது எங்களிடம் இல்லை என்பதை மேலே சொன்னோம். எழுத்து இருந்தாலும் பொகவந்தலாவையின் முதல் எழுத்தையும் பிரட்டின் முதல் எழுத்தையும் தமிழில் ஒரே 'ப'வால்தான் எழுதுகிறோம். ரெண்டும் ஒரே ஒலி இல்லை என்று அந்த ஊர்க்காரனுக்குத் தெரியும். ஆசிரியர் எங்கே கிண்டலாகச் சொல்கிறார், எங்கே அழுகையை அடக்கிச் சொல்கிறார் என்பது அதைவிடக் கஷ்டம். மெஷின் ஒருநாள் அதையும் கற்றுக்கொள்ளலாம். யாரிடம் கற்றுக்கொள்ளும்? குரல் இருக்கிறவர்களிடம். லிப்ரிவாக்ஸ் தொண்டர்கள் வாசித்ததிலிருந்து ஏறக்குறைய 1,000 மணி நேர ஆங்கிலப் பேச்சை எடுத்து, 2015இல் லிப்ரிஸ்பீச் என்ற தொகுப்பை உண்டாக்கினார்கள். மெஷின்களுக்குப் பேச்சைப் புரியவைக்க உலகம் முழுக்க அது பயன்பட்டது. பதிவே இல்லாத பேச்சு அந்தக் காதுகளுக்கு இல்லாத பேச்சுதான்.

இங்கேதான் எங்களை உண்மையில் தடுமாற வைத்த கேள்வி வருகிறது. அதைக் கேட்டது வெளியாள் இல்லை, எங்களில் ஒருத்தனின் அப்பா. "எரநூறு வருசமா நம்ம ஒழைப்ப கம்மி வெலைக்குக் குடுத்தாச்சு. இப்ப கொரலையும் சும்மா குடுக்கப் போறீங்களா?"

நியாயமான கேள்வி. நாங்கள் ரெண்டு மாதம் பேசி வந்த முடிவு இது. எங்கள் ஜனங்கள் இலவசமாகக் கேட்பதற்கு இலவசமாக வாசிப்போம். மாசச் சந்தா வாங்குகிற ஒலிநூல் செயலிக்கு இலவசமாக ஒரு வரிகூட வாசிக்கமாட்டோம். அங்கே வாசிக்கிறவருக்கும் எழுதியவருக்கும் காசு வர வேண்டும். லிப்ரிவாக்ஸுக்குக் கொடுக்கும் பதிவு பொதுச் சொத்து, யாரும் எதற்கும் எடுக்கலாம். அதைத் தெரிந்துகொண்டு, அதற்கென்று எடுத்ததை மட்டும் அங்கே கொடுப்போம். மற்றவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு நாங்களே வைத்திருப்போம். அப்பா முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "எழுதி வச்சா மட்டும் கேட்டுருவானா?" என்றார். ஆனால் அடுத்த வாரம் டிவியை அவரே நிறுத்திவிட்டு, "ம், வாசிங்க" என்றார்.

2023இல் மலையகத்துக்கு 200 வருசம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். முன்னோர்கள் நடந்த வழி. அந்த வழியில் வந்தவர்கள் பேசியது எப்படி இருந்தது என்று கேட்க எங்களிடம் ஒரு நிமிடப் பதிவுகூட இல்லை. அடுத்து வருகிறவர்கள் எங்களைப் பற்றியும் அதையே சொல்லக்கூடாது.

அண்ணே, 'ழ' பற்றி நீங்கள் சொன்னதை எழுதி வைத்திருக்கிறோம். கதை சொல்கிற வரிகளில் கவனமாகத்தான் இருக்கிறோம். கங்காணி கூப்பிடுகிற இடத்தை மட்டும் மாற்றமாட்டோம், அது அம்மாயி திருத்தியது. 'துன்பக்கேணி'யை ஆறு பகுதியாகப் பிரித்திருக்கிறோம், நாலுக்கு ஆள் இருக்கிறது. நீங்களும் தோட்டத்தில் பிறந்தவர்தானே? ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோ வேண்டாம், வீட்டில் கம்பளி இருந்தால் போதும். மேடைக் குரலை மட்டும் வெளியே கழற்றி வச்சிட்டு வாங்க.